எட்டடிக் குடலும் ஒரு பிளாஸ்க் கஞ்சியும்

உடம்பில் உனக்குப் பிடித்த உறுப்பு எது என்று மருத்துவபீடத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். மற்றவர்கள் இதயம் என்பார்கள், மூளை என்பார்கள். நான் இடைச்சிறுகுடல் என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். கெட்டிக்காரி என்ற பெயரோடு கொஞ்சம் பைத்தியக்காரி என்ற பெயரும் சேர்ந்தால் ஆட்கள் நம்மை மறக்கமாட்டார்கள் என்று அப்போது ஓர் எண்ணம் எனக்கு.

சிறுகுடலுக்கு மூன்று பகுதி. இரைப்பையை ஒட்டிய முதற்பகுதி குட்டையானது, வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பது. கடைசிப் பகுதி நீளமானது, பெருங்குடலில் போய் முடிவது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய எட்டடி நீளத்துக்குச் சுருண்டு கிடப்பதுதான் இடைச்சிறுகுடல். தின்பதில் உள்ள சத்தில் பெரும்பங்கை உறிஞ்சி எடுப்பது அதன் வேலை. அது எங்கே முடிகிறது, கடைசிப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் ஏலாது. ஒரு முழக் குடலைக் கையில் கொடுத்து, இது எந்தப் பகுதி என்று கேட்டால் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். நான் முழிக்கமாட்டேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினால் போதும். இடைச்சிறுகுடலின் சுவர் தடித்தது. உள்ளே வட்ட வட்டமாக மடிப்புகள் நெருங்கி இருப்பதால், கோட்டுக் கைக்குள் சட்டைக் கை இருப்பதுபோல இரண்டு படையாகத் தட்டுப்படும். அதைத் தாங்கும் சவ்வை வெளிச்சத்துக்குப் பிடித்தால் இரத்தக் குழாய்களுக்கு இடையில் சின்னச் சின்ன யன்னல்கள் தெரியும். கடைசிப் பகுதியில் அந்த யன்னல்களைக் கொழுப்பு மூடியிருக்கும்.

இந்த விரல்வித்தை எனக்குச் சும்மா வரவில்லை. உடற்கூற்று வகுப்பில் ஓர் உடலுக்குப் பத்துப் பேர். முண்டியடித்துக்கொண்டு கை வைக்க வேண்டும். அதனால் நான் ஆட்டுக்குடல் வாங்கிப் படித்தேன். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கினால் அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவர்கள் யாராவது பார்த்து வைப்பார்கள் என்று இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அங்கே இறைச்சிக்கடைக்காரர், "என்ன மகள், குடல் கறிக்கா?" என்று கேட்டார். படிக்க என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, காசைப் பாதியாகக் குறைத்தார்.

வீட்டில் அது பெரிய கூத்து. எங்கள் ஃபிளாட்டில் ஒரே ஒரு குளியலறை. அதற்குள் வாளியில் குடலை அலசி, ஈரத் தரையில் குந்திக்கொண்டு புத்தகத்தோடு ஒப்பிடுவேன். வெள்ளிக்கிழமை விரதமிருந்த அம்மா கதவைத் தட்டித் தட்டிக் கத்துவார். "உள்ளுக்க என்னடி செய்யிறாய்? மணக்குது! சாமி அறைக்குப் பக்கத்தில உனக்கு இதுதானா வேலை?" நான், "குடலைத்தான் படிக்கிறன், குடிக்கேல்லையே!" என்று கத்துவேன். ஆட்டுக்குடல் வேறு, மனிதக் குடல் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் விரல்கள் பழகிவிட்டன. எனக்குப் பெருமையும் கூடிவிட்டது.

இன்னொரு பெருமையும் என்னிடம் இருந்தது. என் சிங்களம். ஒழுங்கை முழுக்கச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் நான். நான் தமிழ் என்று என் பேச்சில் ஓர் எழுத்துக்கூடக் காட்டிக்கொடுக்காது. என் பெயரும் அப்படித்தான், இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற பெயர். நெற்றியில் ஒட்டுப்பொட்டு மட்டும்தான் மிச்சம். வீட்டில் ஒட்டிக்கொண்டு இறங்குவேன், பெரிய தெருவான காலி வீதிக்கு வருவதற்குள் கழற்றிப் பென்சில் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுவேன். அந்த நாட்களில் வெள்ளவத்தைப் பெண்கள் பலர் செய்த காரியம்தான். சோதனைச் சாவடியில் தேவையில்லாத கேள்வி எதற்கு? அதுவரைக்கும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாம் வருடம் எங்களை ஆண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் நாலு பேர். தமிழ் நான் மட்டும். அது எங்கள் குழுவுக்குத் தெரியும், வார்ட்டில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. காயப்பட்டவர்கள் பக்கத்து வார்ட்டில் கிடந்தார்கள். வராந்தாவில் அழுகைச் சத்தம் கேட்டபடி இருக்கும்.

வார்ட்டுக்குப் பொறுப்பாக ஒரு நர்ஸ். நாற்பது வயதிருக்கும். அவருடைய தம்பி வடக்கில் ராணுவத்தில் இருந்தார். முதல் நாளே அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. "நங்கி, நங்கி" என்று தன் தங்கையைப் போலக் கூப்பிட்டு வைத்துத் தன் சோற்றுப் பார்சலில் பாதியைத் தருவார். அவர் வீட்டுப் பலாப்பிஞ்சுப் பொலொஸ் கறி மாதிரி நான் பிறகு எங்கும் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் சிங்களத்தில் சொன்னார்: "உனக்குத் தெரியாது நங்கி, இந்தத் தமிழ் ஆட்களை நம்ப முடியாது. சிரித்துக்கொண்டே இருப்பார்கள்." நான் வாயில் சோற்றோடு "ம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அந்த வாரம் வந்தவர்தான் அந்த நோயாளி. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. மலையகத்துத் தோட்டத்திலிருந்து வந்து மட்டக்குளியில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கிக்கொண்டு வேலை செய்தவர். மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று சரிவில் பிடிவிட்டு ஓடி, அதன் ஏர்க்கால் அவர் வயிற்றில் குத்திச் சுவரோடு நெரித்துவிட்டது. வெளியே ஒரு சிராய்ப்புத்தான். உள்ளே என்ன என்று பார்க்க ஒரு நாள் படுக்கவைத்துக் கவனித்தார்கள். அடிபட்ட செய்தி கேட்டு ரயிலேறி வந்த மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்தை விட்டு வெளியே வராதவள். சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது.

மாணவர்கள் என்றால் நோயாளியின் வயிற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். நாலு பேரும் முறை வைத்துத் தட்டினோம். அவர் வலியோடு வலியாக மனைவியைப் பார்த்து, "என்னாடி இது, பலாப்பழத்தத் தட்டிப் பாக்குற மாதிரி ஆளாளுக்குத் தட்டுறாங்க, பழுத்திருச்சான்னு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினேன். நர்ஸ் பக்கத்தில் நின்றார்.

அன்று பின்னேரமே வயிறு பலகையாக இறுகிவிட்டது. திறந்து பார்த்தார்கள். இடைச்சிறுகுடல், அதுவும் தொடங்குகிற இடத்திலேயே கிழிந்திருந்தது. கிழிந்த துண்டை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள்.

அடுத்த நாள் காலை பெரிய வைத்தியர் எங்களோடு அந்தக் கட்டிலடியில் நின்றார். கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டார். இடைச்சிறுகுடலை எப்படி அடையாளம் காண்பாய்? மற்ற மூவரும் தரையைப் பார்க்க, நான் மடைதிறந்த மாதிரிக் கொட்டினேன். சுவர், மடிப்பு, யன்னல், எல்லாம். பழைய காலத்து வைத்தியர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்தபோது இந்தப் பகுதி எப்போதும் காலியாக இருந்ததால்தான் அதற்கு லத்தீனில் வெறுங்குடல் என்று பொருள்படும் பெயர் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார். சரி, எட்டடிக் குடலில் ஏன் தொடங்குகிற இடத்திலேயே கிழிந்தது? நான், "அந்த இடத்தில் அது ஒரு பட்டியால் கட்டப்பட்டிருக்கிறது. மற்றப் பகுதி வழுக்கி விலகும், அந்த இடம் விலக முடியாது. முன்னால் ஏர்க்கால், பின்னால் முதுகெலும்பு" என்றேன். "வெரி குட்" என்றார். நோயாளி மயக்க மருந்தின் மிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருடைய வயிற்றைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது அப்போது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

பிறகு பெரிய வைத்தியர் நர்ஸிடம் சொன்னார், நான் சொல்லும்வரை வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட. நர்ஸ் கட்டில் தலைமாட்டில் அட்டையை மாட்டினார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை. மனைவி அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பெரிய வைத்தியர் திரும்பி, "இங்கே யாருக்காவது தமிழ் தெரியுமா? இந்தப் பெண்ணுக்கு விளக்க வேண்டும்" என்றார்.

நான் பேசவில்லை.

எங்கள் குழுவில் ஒருத்தி, நல்லவள், என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே குறிப்புப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டாள். பயந்துவிட்டேன் என்று சொன்னால் எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். அந்த வருடங்களில் யார்தான் பயப்படவில்லை? ஆனால் அந்த வார்ட்டில் என்னை யாரும் அடித்திருக்கமாட்டார்கள், பிடித்துக் கொடுத்திருக்கவும்மாட்டார்கள். அந்த நர்ஸ் இனிமேல் என்னை நங்கி என்று கூப்பிடமாட்டார் என்பதுதான் என் கவலை. இரண்டு நாள் முன்பு "ம்" என்று தலையாட்டிச் சாப்பிட்ட சோற்றுக்கு இப்போது எப்படி விளக்கம் சொல்வது என்பதுதான் என் கவலை. எழுதும்போதே கூசுகிறது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சொல்லிக்கொள்கிறேன், சேர்" என்று வார்ட் சிற்றூழியர் முன்னால் வந்தார். மனைவியைப் பார்த்து, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், சோற்றைப் பிசைந்து உண்பதுபோலக் காட்டி, பிறகு விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவள் புரிந்ததாகத் தலையாட்டினாள். சோறு கூடாது. அதைத்தான் அவர் சொன்னார், அதைத்தான் அவள் விளங்கிக்கொண்டாள். பெரிய வைத்தியர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நானும் போனேன்.

மூன்றாம் நாள் காலை, மூக்கில் விட்டிருந்த குழாயைக் கழற்றினார்கள். அதைப் பார்த்த எவரும் ஆள் தேறிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். மத்தியானம் நோயாளரைப் பார்க்க ஆட்களை விடுகிற நேரம். நான் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவரின் நோய் விவரம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இந்த மனிதர், "நாக்கு ஒட்டுதுடி, தொண்ட காயுது" என்று முனகுவது கேட்டது. மனைவி குனிந்து சொன்னாள்: "சோறுதான் குடுக்கக் கூடாதுன்னாங்க. இது கஞ்சித் தண்ணிதான், நல்லா வடிச்சி உப்புப் போட்டு எடுத்தாந்தேன். சாப்பாடு ஆகாதவங்களுக்குத்தானே கஞ்சி. கொஞ்சமா குடிச்சிக்கங்க." பிளாஸ்க் மூடி திருகும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அது சாப்பாடு இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காய்ச்சல் என்றால் அம்மா, "சாப்பிடாத, கஞ்சியைக் குடி" என்பார். அந்த வார்ட்டில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். அவள் சொன்னதன் பொருள் முழுக்க விளங்கியது எனக்கு ஒருத்திக்குத்தான்.

எழுந்துபோனேன். அதையாவது செய்தேன். போய், சிங்களத்தில் சொன்னேன், ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று. தலைமாட்டு அட்டையைக் காட்டினேன். நர்ஸ் இரண்டு கட்டில் தள்ளி ஊசி போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், பிறகு என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறவள் போல வாய் திறந்து மூடினாள். பிளாஸ்க்கை மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நான் போனதும் திரும்ப எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். தமிழில் ஒரே ஒரு வசனம். தண்ணியும் கூடாது அக்கா, குடல் தைச்சிருக்கு. அவ்வளவுதான் சொல்ல இருந்தது. நான் சாப்பிடப் போனேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். வயிறு திரும்ப இறுகிவிட்டது. இரண்டாம் முறை திறந்தபோது நானும் தியேட்டரில் நின்றேன். தைத்த இடம் ஒரு பக்கம் விட்டிருந்தது. வயிற்றுக்குள் வெள்ளையாக ஏதோ கலங்கிக் கிடந்தது. "யாரோ சாப்பிடக் கொடுத்திருக்கிறார்கள்!" என்று பெரிய வைத்தியர் சத்தம் போட்டார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் நான் தையலின் விளிம்பைப் பார்த்தேன். எட்டடிக் குடலையும் விரலால் பிரித்தறிகிற கெட்டிக்காரி அல்லவா? விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்துச் செத்திருந்தது. ஏர்க்கால் நெரித்தபோதே அந்த இடத்துக்கு இரத்தம் போகும் வழி அடைபட்டிருக்க வேண்டும். பெரிய வைத்தியரும் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதையும் சேர்த்து வெட்டினார்.

இன்றைக்கு நானும் சத்திரசிகிச்சை செய்கிறவள்தான். இப்போதெல்லாம் குடலைத் தைத்த நோயாளிக்கு இரண்டாம் நாளே நீராகாரம் கொடுக்கச் சொல்கிறோம், கஞ்சித் தண்ணி உட்பட. நானே எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். நல்ல தையல் கஞ்சியால் விடாது. செத்த விளிம்பில் போட்ட தையல், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாவிட்டாலும் விட்டிருக்கும். முழுதாக அடித்துச் சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் கறுப்பு விளிம்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் குறைந்துகொண்டே வருகிறது. இது தெரிந்தபோது மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அதற்குக் காரணம் கடைசி நாள்.

எட்டாம் நாள் காலை அவர் இறந்துபோனார். உடலைக் கொடுப்பதற்கான கடதாசி வேலை முடியும்வரை மனைவி வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கடந்துதான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வராந்தாவில் வேறு யாரும் இல்லை. அவள் அதைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டுதான் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா."

தமிழில். நான் நின்றேன்.

"நீங்க நம்ம ஆளுன்னு எனக்கு மொத நாளே தெரியுங்க" என்றாள். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "அவரு பலாப்பழம்னு சொன்னப்ப சிரிப்ப அடக்கிக்கிட்டுத் திரும்புனீங்களே. காலம் கெட்டுக் கெடக்கு. ஒங்களக் காட்டிக் குடுத்துறக் கூடாதுன்னுதான் நான் பேச்சுக் குடுக்கல. அன்னிக்குக்கூட இந்தக் கஞ்சியக் குடுக்கலாமான்னு ஒங்களக் கேக்க வாய் வரைக்கும் வந்திச்சி. அந்த நர்சம்மா பாத்துக்கிட்டு நின்னாங்க. படிக்கிற புள்ளைக்கு நம்மளால எதுக்குக் கஷ்டம்னு விட்டுட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை கொழுந்து பறித்துக் காய்ப்பேறி இருந்தது.

"சும்மா சமாதானத்துக்குச் சொல்ல வேணாம். படிச்சவங்க நீங்க, ஒங்களுக்குத் தெரியும். உள்ளதச் சொல்லுங்க. நான் குடுத்த கஞ்சியாலதானுங்களா?"

அந்தக் கறுத்த விளிம்பு எனக்கு நினைவில் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம், அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் கஞ்சியால் இல்லை என்றால் வேறு எதனால், யாரால் என்று பேச்சு வளரும், அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அங்கிருந்து போக வேண்டும்போல இருந்தது. பெரிய வைத்தியர் சொன்ன பதில் கையில் தயாராக இருந்தது.

"ஓம்" என்றேன்.

அவளோடு நான் தமிழில் பேசியது அந்த ஒரு சொல்தான்.